ஃபேன் சுத்துதுல்ல, அப்புறம் என்ன?

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. சிபியூ ஃபேன் எரர். செட்டப்புக்குப் போக எஃப்1 அழுத்தவும்.

2023 ஜூன் மாதம், காலை 6.30 மணி. பிரான்சுக்குப் போகும் ஒரு குடும்பத்தின் எத்தா சிவில் தாள்களைத் தட்டச்சு செய்து 10 மணிக்குள் அனுப்ப வேண்டும். புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் தெரியாது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை இங்கே இன்னமும் பிரெஞ்சுப் பெயரிலேயே சொல்கிறோம். தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் பேத்தியின் விசா நின்றுபோகும். அந்த எழுத்துகளைச் சரியாக அடிப்பதுதான் என் பிழைப்பு. இடையிடையே சிறு பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் செய்கிறேன்.

அந்தக் கணினியை நானே கட்டினேன். 2021இல் இரண்டாவது அலை ஊரடங்கு தளர்ந்தபோது பழைய லேப்டாப் செத்துவிட்டது. புது லேப்டாப் விலையில் பாதிதான் என் கையில் இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து மதர்போர்டு, பிராசசர், ரேம், பவர் சப்ளை, கேபினெட் எல்லாம் பார்சலாக வந்தன. கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்தேன். அண்ணன் வாசலில் நின்றபடி, "வெடிச்சிடப் போவுதுடி" என்றான். வெடிக்கவில்லை. அம்மா மட்டும் அருகில் உட்கார்ந்து திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தாள், தாலிச் சங்கிலி செய்யக் கொடுத்த இடத்தில் பொன்னைப் பார்த்துக்கொண்டிருப்பவளைப் போல.

இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் இந்த இரண்டு வரி.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சுற்றுகிற ஃபேனுக்கு என்ன எரர் என்று எனக்குப் புரியவில்லை. அவசரத்தில் எஃப்1 அழுத்தி, சேமித்து வெளியேறி, வேலையை முடித்து அனுப்பினேன். மறுநாளும் அதே வரி. அண்ணனுடைய பைக்கில் கேபினெட்டை ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கேள்விகளையெல்லாம் அண்ணனிடமே கேட்டார். எந்த மதர்போர்டு, எப்போது வாங்கியது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது. பதில்களை நான் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு செட்டப்புக்குள் போய் ஒரு வரியை மாற்றினார். 600 என்றிருந்த இடத்தில் 'இக்னோர்' என்று வந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றேன்.

"ஃபேன் சுத்துதுல்ல மேடம், அப்புறம் என்ன? இனிமே அந்த மெசேஜ் வராது."

வரவில்லை. 200 ரூபாய்.

அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சிபியூ ஃபேனின் ஒயர் போய்ச் சேரும் இடத்தில் நான்கு முள் இருக்கும். ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட். நான்காவது, எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று போர்டு ஃபேனுக்குச் சொல்வது. மூன்றாவதுதான் ஃபேன் திரும்பப் பேசும் முள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அந்த முள் வழியாக வரும். போர்டு அதை எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கிடும். வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே போனால் எச்சரிக்கும். ஃபேன் நின்றுவிட்டது என்று அது சொல்லவில்லை. போதுமான அளவு சுற்றவில்லை என்றுதான் சொன்னது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர் தாண்டிப் போனார். நானும்தான்.

(இன்னொன்று. கணினி எழும்போது பல போர்டுகளில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற பெயர் மின்னி மறையும். இந்த மாதிரி வரிகளைத் திரையில் காட்டும் மென்பொருளை எழுதும் நிறுவனம் அது. 1985இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர். சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. யாரோ ஒரு தமிழ்ப் பெண்கூட அந்த வரியைச் சோதித்துப் பார்த்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஜூலையில் கணினி மந்தமானது. பக்கத்தைப் புரட்டினால் யோசித்துப் புரட்டியது. ஆகஸ்டில் ஒரு மதியம், 40 பக்கம் வடிவமைத்த ஒரு கோப்பின் நடுவில், சட்டென்று அணைந்தது. பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சோம்பல் மாதிரி தெரியும். அதற்கு மேலும் சூடானால்தான் அணையும்.

ஆறவிட்டு, மறுபடி போட்டு, நேராக செட்டப்புக்குள் போனேன். அங்கே ஹார்டுவேர் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும். எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 92 டிகிரி. ஃபேன் 380 சுற்று.

இந்த முறை கடைக்குப் போகவில்லை. ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, ஃபேனைக் கழற்றினேன். பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் முளை இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் வந்துவிடும். அடியில் இருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசு பஞ்சுமெத்தை மாதிரி அடைத்திருந்தது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. மதியத்துக்கு மேல் துறைமுகப் பக்கமிருந்து வருகிற காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும். அந்த ஈரத்தில் எங்கள் வீட்டுத் தூசு தூசாக இருக்காது, களிம்பாகிவிடும்.

தூசு பெரிய விஷயமில்லை. ஃபேனின் நடுக்குமிழுக்கு அடியில், அச்சைச் சுற்றி, முடி. ஒன்றிரண்டு இல்லை. நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றிக் கிடந்தது. புருவம் திருத்தும் இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நீளமான முடி, பாதிக்குமேல் நரை. என் முடி தோளைத் தாண்டாது.

கேபினெட் தரையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துதான் அம்மா தினமும் சாயங்காலம் தலை வாருவாள்.

திட்டத்தான் போனேன். "உன் முடிதான் என் மெஷினைக் கொன்னுது" என்று சொல்லிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இப்ப ரொம்பக் கொட்டுதும்மா. கையோட வருது" என்றாள். சொல்லிவிட்டு, அந்த முடிப்பந்தை வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டாள். மறைத்துக்கொண்டதுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு கேட்டேன். எத்தனை நாளாக? அம்மாவுக்கு அப்போது 51 வயது. மாதத்தில் 12 நாள் உதிரம் போகிறது, இரண்டு வருடமாக. மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தால் மூச்சு வாங்குகிறது. சமையலறையில் நின்றுகொண்டே கண் இருட்டுகிறது. முந்தைய வருடம் தனியாக ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். பரிசோதனை எதுவும் இல்லாமல், "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், நிக்கப் போற நேரம், கண்டுக்காதீங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. அவள் மந்தமாகிவிட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். குழம்பு வைக்க நேரமாகிறது என்று அப்பா சலித்துக்கொண்டார். டிவி பார்க்கும்போதே தூங்குகிறாள் என்று நான் கேலி செய்தேன். சமையலறையில் மயங்கி உட்கார்ந்த அன்று வெயில் என்றோம். எங்கள் வீட்டில் அந்த ஓர் அறைக்கு மட்டும் ஃபேன் கிடையாது. காற்று பட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்பது 30 வருடமாகச் சொல்லப்படும் காரணம்.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் 6.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள் தெரிந்தன. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், பிறகு அறுவை சிகிச்சை. அந்தக் கதை நீளம். இங்கே ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அம்மாவின் வயது அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் இரவில் கூடவே இருந்து போனில் எதையாவது படித்துக்கொண்டிருந்தேன். 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், ஒரு பெரிய அறை முழுக்க. அதைக் குளிர்விக்க ஊதுவிசிறிகள் தனியாக. அதற்கு நிரல் எழுதியவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ் முதலான ஆறு பெண்கள். அறிமுக நாள் இரவு விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து கேத்தி கிளைமன் என்ற மாணவி, பழைய புகைப்படத்தில் இயந்திரத்தின் முன் நிற்கும் இந்தப் பெண்கள் யாரென்று விசாரித்தபோது, அவர்கள் 'ஃபிரிட்ஜ் பெண்கள்' என்ற பதில் கிடைத்தது. விளம்பரத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நிற்கும் மாடல்கள் என்று பொருள். கடைக்காரர் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்துக் கட்டில் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

வீடு திரும்பியதும் வேலையை முடித்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது நாளை அந்த வரி வந்தால் உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். முதலில் மூடியைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், அதன் ஒயர் சிபியூ ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட் ஃபேனுக்கான இடத்தில் செருகினாலும் ஃபேன் சுற்றும், ஆனால் பிராசசருக்கு ஃபேனே இல்லை என்று போர்டு நினைத்துக்கொள்ளும். புதிதாகக் கட்டியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறோம். அடுத்தது எல்லை. சத்தம் வராமல் மெதுவாகச் சுற்றுவதற்கென்றே செய்த பெரிய ஃபேன்கள் உண்டு. அவை 600க்குக் கீழே சுற்றுவது இயல்பு. அப்போது எல்லையை 300க்கோ 200க்கோ இறக்குங்கள். நின்றுபோனால் அப்போதும் அது சொல்லும். ஃபேனே இல்லாத கூலர் வைத்திருந்தாலோ, அந்த இடத்தில் எதுவும் செருகாத வகைக் கூலராக இருந்தாலோ தவிர 'இக்னோர்' வேண்டாம். தூசு தட்டும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், ஊதி வேகமாகச் சுற்றவிட்டால் அச்சு கெடும். கூலரைக் கழற்றினால் பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதுப் பசை வைக்க வேண்டும். முளைகளைக் குறுக்கு மூலையாக, இரண்டிரண்டாக அழுத்துங்கள். நான்கும் 'டக்' என்று சொல்ல வேண்டும். மூன்று சொன்னால் போதாது.

என் பழைய ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 540 வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. அச்சு தேய்ந்துவிட்டிருந்தது. புதுக் கூலர் வாங்கிப் போட்டேன். 'இக்னோர்' இருந்த இடத்தில் மறுபடியும் 600 வைத்தேன். கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி முக்காலியில் வைத்தாயிற்று. ஜன்னலோரம் அம்மாவுடையது, அதைக் கேட்க எனக்கு மனமில்லை.

சமையலறைக்குச் சுவர் ஃபேன் வாங்கினோம். அடுப்பு அணையும் என்று அப்பா இரண்டு நாள் சொன்னார். நிற்கிறவரின் தோள் உயரத்தில், அடுப்புக்கு எதிர்ப்பக்கம் முகம் திருப்பி மாட்டினோம். அணையவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

காலையில் கணினியைப் போட்டதும் இப்போது ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவேன். அம்மா காபியோடு வந்து நிற்பாள்.

"எவ்ளோ?"

"1,100."

நவம்பரில் ஒரு காலை, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து பரிசோதனைச் சீட்டை எடுத்து விசைப்பலகையின் மேல் விரித்தாள்.

"எனக்குப் பத்து புள்ளி எட்டு" என்றாள்.