லொறிக்குக் கீழே

ஸ்குரூ ட்றைவர் உள்ளுக்குப் போட்டுது. இரும்புக்குள்ளே. நாங்கள் பலமாகக் குத்தவும் இல்லை. கறுத்தப் பூச்சு ஓரிடத்தில் கொப்புளம் மாதிரி எழும்பி நின்றது, என்னெண்டு பாப்பம் என்று முனையை வைத்து ஒரு அழுத்து. பிட்டுக்குள்ள விரல் போறமாதிரிப் போனது. லொறிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்த நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்தக் கறுத்தப் பூச்சைப் பூசினதே நாங்கள்தான்.

லொறி ஒரு பழைய இசுசு எல்ஃப். எங்கள் மூன்று பேருக்கும் அது மூத்தது. ஏ9 வீதி திறந்த பிறகு, ஏற்கனவே இரண்டு மூன்று கை மாறி வந்ததைத்தான் அப்பா வாங்கினவர். வடமராட்சிக் கரையிலிருந்து மீன், ஐஸ் பெட்டி, சில நேரம் கருவாடு. தம்புள்ளைக்குப் போய்த் திரும்பும்போது மரக்கறி. எங்கட ரியூஷன் காசு, அக்காவின் கம்பஸ் செலவு, வீட்டுக்குப் போட்ட சீற் எல்லாம் இந்த லொறிக்குப் பின்னாலிருந்து இறங்கினதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழசுகளின் விலை ஏறின ஏற்றத்தில், இது போனால் இன்னொன்று என்ற கதையே வீட்டில் இல்லாமல் போனது. 2025இல் இறக்குமதி திறந்துவிட்டார்கள்தான். வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் திறந்ததும் திறக்காததும் எங்களுக்கு ஒண்டுதான்.

அந்த 2020 ஊரடங்கில்தான் எங்களுக்கு இந்த யோசனை வந்தது. லொறி முற்றத்தில் நின்றது, நாங்களும் நின்றோம். போனில் டேற்றா இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆக்கள் பிக்கப்புகளுக்குக் கீழே படுத்துக்கொண்டு தாங்களே பூச்சடிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, 'உதென்ன பெரிய வேலையா' என்று நினைத்தோம். ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள் போய், தார் கலந்த அண்டர்கோட் இரண்டு ரின் வாங்கி வந்தோம். ஹோஸால் கீழ்ப்பக்கத்தைக் கழுவினோம். கழுவினோம் என்றால், நனைத்தோம். அடுத்த நாள் விடிய பூசத் தொடங்கிப் பின்னேரம் முடித்தோம். அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "கறளுக்கு மேல பூசினா அது கறளுக்குப் போர்வை."

சிரிச்சனாங்கள். முடிந்த பிறகு பார்க்க லொறி அவ்வளவு வடிவாக இருந்தது. ஷோரூமிலிருந்து வந்தமாதிரிக் கறுத்து மினுங்கினது. படம் எடுத்து ஸ்டேற்றஸும் போட்டோம்.

என்ன நடந்தது என்று இப்போது விளங்குது. கறள் பிடிக்க இரும்புக்குத் தண்ணியும் ஒட்சிசனும் காணும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணி மின்னைக் கடத்தும், அரிப்பு கெதியாகும். எங்கட லொறியில் உப்புக்குக் குறைவே இல்லை: கரையோரக் காற்று, மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணி, சங்குப்பிட்டிப் பாலத்தால் போகும்போது முகத்தில் அடிக்கிற ஈரம். நாங்கள் அந்த உப்பைச் சுரண்டி எடுக்காமல், அதற்கு மேலேயே தாரைப் பூசிவிட்டோம். தார்ப் பூச்சு காய்ந்தால் இறுகும். லொறி குலுங்கக் குலுங்க வெடிக்கும். வெடிப்பால் உள்ளே போன தண்ணி வெளியே வர வழியில்லை, வெயிலும் காற்றும் படாது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதால் பூச்சை உள்ளிருந்தே தள்ளிக்கொண்டு போகும். வெளியில் பார்த்தால் கறுப்பு. உள்ளே கடதாசி அடுக்கினமாதிரி மண்ணிறத் தகடு தகடாக.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று. சட்டங்களிலும் கபினின் அடித்தகட்டிலும் கொம்பனிக்காரன் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பான், உள்ளே போகிற தண்ணி வடியட்டும் என்று. நாங்கள் அதையெல்லாம் 'கறள் தின்ற ஓட்டை' என்று நினைத்து, தாரால் வடிவாக அடைத்துவிட்டிருந்தோம். ஸ்குரூ ட்றைவர் போன இடமும் அப்படி அடைத்த ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில்தான்.

அப்பாவின் வழி வேறு. எங்களுக்கு நினைவு தெரிந்த காலத்திலிருந்து, ஐப்பசி மழைக்கு முதல் லொறியைக் கழுவி, எஞ்சினிலிருந்து கழற்றின பழைய ஒயிலைக் கொஞ்ச டீசலில் கலந்து அடிப்பார். ஒரு சதம் செலவில்லை. உண்மையைச் சொன்னால், அது வேலை செய்தது. ஒயில் தண்ணியைத் தள்ளும், பூச்சு போகாத இடுக்கெல்லாம் ஊர்ந்து போகும், வெடிக்காது. எல்ஃப் இவ்வளவு காலம் நின்றதற்கு அதுதான் காரணம். நாங்கள் தார் பூசின பிறகு, "இனி ஒயில் வேண்டாம் அப்பா" என்று அதையும் நிற்பாட்டிவிட்டோம். ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பாவின் மகனிடம் கேட்டால், அங்கே பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அதனால் கன பேர் வருசா வருசம் காருக்குக் கீழே ஒயில்தான் அடிப்பிப்பார்கள் என்கிறான். ஆனால் அதற்கென்று செய்த ஒயில். எஞ்சினில் எரிந்து முடிந்தது இல்லை.

எரிந்த ஒயிலில் உலோகத் துணிக்கைகளும் அமிலமும் தோலுக்குக் கூடாத சேர்வைகளும் இருக்கும். ரப்பர் புஷ்களை ஊதப்பண்ணும். அதையெல்லாம் விட எங்களுக்குப் பயம் முற்றத்து மண். அப்பா ஒயில் அடிக்கிற இடத்தில் புல் முளைக்காது. அங்கிருந்து கிணற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பாகம் இருக்கும். கீழே சுண்ணாம்புக் கல். இந்தக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, நாங்கள் பெரும்பாலும் நம்பியிருக்கிறது நிலத்தடித் தண்ணியைத்தான். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் மிதந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அது மின்நிலையத்தின் கழிவு, எங்களது ஒரு வாளி. ஆனால் ஒழுங்கைக்கு எத்தனை லொறி, எத்தனை சேவிஸ் ஸ்ரேஷன்?

இதை அப்பாவிடம் சொல்லிச் சண்டை வந்தது. "நாங்கள் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள். ஒரு சொட்டு ஒயிலை எறிய மனம் வராது" என்றார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை நாங்கள் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். காபரேற்றரில் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓடி, புகையோடு வீட்டுக்கு வந்தவருக்கு 'கழிவு' என்ற சொல்லே கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் கேட்டிருக்கும். அதோடு, நிலத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற நாங்கள்தான் லொறியை ஓட்டையாக்கி வைத்திருந்தோம். வாயை மூடினோம்.

கராஜ்கார அண்ணை வந்து சுத்தியலால் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு 'டங்' என்று பாடும், போனது 'டொக்' என்று நிற்கும். நீளச் சட்டம் இரண்டும் முழுக்கப் பாடின. ஒரு குறுக்குச் சட்டம் போய்விட்டது, பெட்டிக்குக் கீழே இரண்டு தாங்கு இரும்பு போய்விட்டது. "நீளச் சட்டத்தில ஓட்டை எண்டா நான் கை வச்சிருக்கமாட்டன், தம்பியவை" என்றார். அந்த இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் இரும்பின் உறுதியே மாறிவிடுமாம். பற்றி வயரைக் கழற்றிவிட்டு, குறுக்குச் சட்டத்தை வெட்டி வேறொரு பழைய எல்ஃபிலிருந்து எடுத்ததைப் போட்டுத் தந்தார். ஐந்து நாள் லொறி ஓடவில்லை. அந்த ஐந்து நாள் மீன் வேறு ஆளின் லொறியில் போனது. கூலியைவிட அதுதான் அப்பாவுக்குக் கவலை. ஒருக்கா மாறின முதலாளி திரும்பி வருவாரோ என்று.

மிச்ச வேலை எங்களுடையது. தாரை உரித்தெடுக்கவே இரண்டு நாள். உளி, கம்பி பிரஷ், கிறைண்டரில் பூட்டுகிற கம்பிக் கிண்ணம். கண்ணாடி போடாமல் பத்து நிமிசம் வேலை செய்த எங்களில் ஒருத்தன் கண்ணில் துணிக்கை விழுந்து மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். உரித்த பிறகு கழுவ வேண்டும். எங்கட கிணற்றுத் தண்ணி கோடையில் உவர். உப்பை உப்புத் தண்ணியால் கழுவுகிற கூத்து வேண்டாம் என்று, பவுசரில் நல்ல தண்ணி எடுத்தோம். பிறகு மூன்று நாள் வெயில். காய விடுகிறதுதான் இந்த வேலையில் மிகக் கஷ்டமான பகுதி. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், அப்பா வேறு முற்றத்தில் நடந்துகொண்டிருப்பார்.

சுரண்டியும் போகாத குழிக் கறளுக்கு, பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் மாற்றி. கையுறை போட்டு மெல்லிசாகப் பூசினோம், அடுத்த நாள் மண்ணிறம் கறுத்திருந்தது. கறள் இரும்புப் பொஸ்பேற்றாக மாறிப் படையாக நிற்கும் என்று எங்களில் இரசாயனவியல் படித்தவள் விளக்கம் சொன்னாள். உயர்தரத்தில் படிச்சது ஒண்டாவது பிரயோசனப்பட்டுதே என்று அவளே சிரித்தாள். தகடு தகடாக நிற்கிற கறளுக்கு மேல் இதைப் பூசினால் மேல்தோல் மட்டும்தான் மாறும், அதால்தான் முதலில் உளி. அதற்கு மேல், வெறும் இரும்பு தெரிந்த இடங்களுக்கு நாகம் கலந்த பிறைமர். நாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும், அதற்கு அது இரும்பைத் தொட வேண்டும். மற்ற இடத்துக்கு ரெட் ஒக்சைட், அதற்கு மேல் சசிக் கறுப்பு இரண்டு கை. தடிப்பாக ஒரு கை அடிக்காமல் மெல்லிசாக இரண்டு. எப்பொக்ஸி நல்லதுதான், விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து மரியாதையாக வந்துவிட்டோம்.

பூசக்கூடாத இடங்களையும் இந்த முறை முதலே கட்டி மறைத்தோம். பிறேக் ஹோஸ், ரப்பர் எல்லாம், சைலன்சர் குழாய், ஹான்ட்பிறேக் கேபிள், பிறேக் ட்றம் பக்கம். வடிகிற ஓட்டைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஈர்க்கு விட்டுப் பார்த்தோம்.

இரண்டு தகடு ஒட்டிக்கிடக்கிற இடுக்குகள்தான் பிரச்சினை. பெயின்ற் உள்ளே போகாது. அங்கே அப்பா சொன்னதுதான் சரி, ஒயில்தான் போகும். கடைசியில் இரு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்தோம். புதுக் கிறீஸைக் கொஞ்ச மண்ணெண்ணெயில் இளக்கி, அப்பாவின் ஒயில் கானால் இடுக்குகளுக்குள் மட்டும் விட்டோம். சைலன்சருக்குக் கிட்ட விடவில்லை. வெல்டிங் எல்லாம் முடிந்து போன பிறகுதான் மண்ணெண்ணெயை வெளியே எடுத்தோம். நிலத்தில் பழைய படங்கும் அட்டைப்பெட்டியும் விரித்தோம். மொத்தம் ஒரு போத்தல்கூடப் போகவில்லை. அப்பா தானே கீழே படுத்து அடித்தார். எங்களிடம் தரவில்லை.

இவ்வளவு நாளும் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து தந்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தா. கடைசி நாள் பெட்டியைக் கழுவும்போது குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டா: "உந்தத் தண்ணி ஏன் உந்த இரும்பில விழுது?"

ஐஸ் தண்ணி வடிகிற குழாய் அரைச்சாண்தான் நீட்டி நின்றது. நேராகக் குறுக்குச் சட்டத்துக்கு மேல். எந்தச் சட்டம் என்று சொல்லத் தேவையில்லை. பதினைந்து வருசமாக உப்புத் தண்ணி சொட்டுச் சொட்டாக ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. அப்பாவின் ஒயிலும் அதைக் கழுவக் கழுவத்தான் அடித்தது, எங்கட தாரும் அதற்குக் கீழேதான் வெடித்தது. ஒரு துண்டு ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி, தண்ணியைச் சில்லுக்குப் பின்னால் இறக்கினோம். எல்லாச் செலவிலும் குறைந்த செலவு அதுதான்.

மாரி முடிந்து தை பிறந்த பிறகு ரோச் லைற்றோடு கீழே போனோம். பெரும்பாலும் கறுப்பாகவே இருந்தது. கல் தெறித்த இடங்களில் நாலைந்து செம்மஞ்சள் புள்ளி, ஒரு போல்ட்டைச் சுற்றி ஒரு வளையம். சொன்னோம். அப்பா பிரஷையும் மிச்சப் பெயின்ற் ரின்னையும் கொண்டு வந்து நீட்டினார். பழைய ஒயில் கான் இன்னும் கொட்டிலுக்குள் ஒரு மூலையில் இருக்கு, கிட்டத்தட்ட இருபது லீற்றர். போறணைக்காரருக்கு எரிக்க வாங்குகிற ஒருவர் மாதத்துக்கு ஒருக்கா ஒழுங்கையால் வருவார். இதுவரை மூன்று தரம் வந்துவிட்டார். மூன்று தரமும் அப்பா விலை காணாது என்று அனுப்பிவிட்டார்.