இளைப்பாறிய குதிரை

பொழுதுபோக்கைக் குறிக்க இன்றைய அரபு மொழியில் வழங்கும் சொற்களுள் 'இஸ்திஜ்மாம்' என்பதும் ஒன்று. அதன் வேரை நாடி அகராதியைப் புரட்டுவோர் ஒரு குதிரையினிடத்துப் போய் நிற்பர். எவரும் ஏறிச் செலுத்தாமல் விடப்பட்டு, களைப்பு நீங்கி, வலிமை மீண்டும் திரண்டு நிற்கும் குதிரை அது. இறைத்த கிணற்றில் நீர் மறுபடி ஊறுவதையும் அவ்வேரினின்றே சொல்வர்.

இச்சொல்லை நமக்கு நினைவூட்டியவர் முன்னாளில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். முப்பதைச் சற்றே தாண்டியவர். உடல் கனத்துவிட்டதென்று கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் போய்வருவார். பள்ளிவாசலில் நம்மைக் கண்டால், வழியில் கண்ட மயில்களைப் பற்றியே பேசுவார்.

பின்னர் நண்பர்கள் அவரது கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தனர். யார் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம், எவரை எவர் முந்தினார் என்று அன்றாடம் பட்டியலிடுவது அது. அதன்பின் பேச்சில் மயில்கள் இல்லை. மணிக்கு 22, 24, 26 என்று எண்களே வந்தன. முழங்கால் வலியும் வந்தது. ஆடி பிறந்தது, சைக்கிள் மாடிப்படியின் கீழ் ஒதுங்கிற்று.

"என்ன தம்பி, சைக்கிளைக் காணோமே?" என்றோம்.

"எவ்வளவு மிதிச்சாலும் லிஸ்ட்ல நான்தான் கடைசி ஹஜரத். ஏறவே வெறுப்பா இருக்கு."

ஆடிக்காற்றின் கணக்கை அப்பட்டியல் அறியாது. காற்றசையாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் மார்பில் காற்று அதே வேகத்தில் மோதும். எதிர்க்காற்றும் 20 என்றால் மோதுவது 40; தடுக்கும் விசையோ இருமடங்கன்று, நான்மடங்கு! கூட்டமாய்ச் செல்கையில் பின்னால் ஒட்டி வருபவருக்கு முன்செல்பவரின் முதுகே மறைப்பாகிறது. இவர் எவர் முதுகின் மறைவுமின்றித் தனியே மிதித்தவர். வயது, உறக்கம், வீட்டுக் கவலை இவையெல்லாம் அந்த எண்களுள் எங்கே இருக்கின்றன?

போட்டியே தீதென்று நாம் சொல்ல வரவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரியில் உள்ளது. பந்தயத்திற்கென்றே உடல் இறுகப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஓட்டம். ஏறத்தாழ 5 அல்லது 6 மைல் என்பர். பழக்கப்படாத குதிரைகளுக்கோ அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. ஒரு மைல் அளவே. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை என்பதை நோக்குக. வாயில்லாப் பிராணிக்குக் காட்டப்பெற்ற இந்த நீதியை நம் பிள்ளைகள் தம் சொந்த முழங்காலுக்குக் காட்டலாகாதா?

அரபியில் 'முன்பத்து' என்றும் ஒரு சொல் உண்டு. 'அறுபட்டு நின்றவன்' என்பது பொருள். விரைந்து சேரும் ஆசையில் வாகன விலங்கை ஓய்வின்றி விரட்டி, அது வீழ்ந்துபட, ஊரும் சேராமல் வாகனமும் இல்லாமல் நடுவழியில் நிற்பவனுக்கு அப்பெயர். மிதிவண்டியில் ஏறியவனும் விலங்கும் ஓருடலே என்பதால் இழப்பு இன்னும் பெரிது.

இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னோம். சிரித்துக்கொண்டார். ஒரு மாதம் எதுவும் ஓட்டவில்லை, முழங்கால் தேறிற்று. இப்போது வாரம் இருமுறை போகிறார். களைத்த நாளில் பாதியிலேயே திரும்பிவிடுகிறார். செயலியை நீக்கிவிடவில்லை, பட்டியலை மட்டும் மறைத்து வைத்திருக்கிறாராம். அதுவே மிகுதி என்பது நம் எண்ணம், ஆயினும் வற்புறுத்தவில்லை. கியர் சைக்கிளில் மகளை ஏற்றிச்செல்ல இடமில்லை என்று, தம் வாப்பாவின் பழைய சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கி, கேரியரைச் செப்பனிடக் கடையில் கொடுத்திருக்கிறார்.