பசிபிக் கரையும் பழைய வானின் கதவு றப்பரும்

கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகக் கேட்பார்கள். புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு விடுதிச் செலவு கட்டுப்படியாகாது. பழைய வான் ஒன்றின் பின் ஆசனங்களைக் கழற்றி, பலகை அடித்து மெத்தை போட்டால் அதுவே இரண்டு நாளைக்கு வீடு.

சான் ஹோசேயில் இருந்து புறப்படுவோருக்கு நல்ல பாதை 1ஆம் இலக்க நெடுஞ்சாலை. கார்மேலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையே மலையைக் குடைந்து, கடலை ஒட்டிச் செல்லும் பகுதி 1937இல் திறக்கப்பட்டது. வழியில் 1932இல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலம், அதற்கப்பால் பிக் சூரின் செம்மரக் காடுகள்.

ஆனால் இது எங்கள் ஊர்க் கடல் அல்ல. கோடையிலும் தண்ணீர் குளிரும். உள்நாட்டில் வெயில் கொளுத்தும்போது கரையை மூடுபனி மூடும். காலையில் வெயிலில் காய்ந்த வான் இரவில் பனியில் நனையும். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் பல வருடம் பட்ட கதவு றப்பர் வெடித்து இறுகிவிடும். பிறகு மெத்தை ஈரமாகும்; கதவோரம் கறள் பிடிக்கும்.

ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து பின்கதவில் இருக்கிறது. ஓடும் வானின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால் சைலென்சர் புகை அங்கே சுழலும். றப்பர் பழுதென்றால் அது உள்ளே வரும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஓடும்போது பின்னால் ஒருவரையும் படுக்க விடாதீர்கள். பிள்ளைகள் பட்டி போட்டு ஆசனத்தில் இருக்கட்டும்.

சோதிப்பது சுலபம். ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் றப்பர் பிடிக்கவில்லை. இப்படிக் கதவைச் சுற்றிப் பாருங்கள்.

வானின் வருடத்தையும் மொடலையும் சொல்லிப் புதிய றப்பரே வாங்குங்கள். உடைத்து விற்கும் யாட்டில் கிடைப்பதும் உங்களுடையதைப் போல வயதானதுதான். பழையதை உரித்து, ஒட்டியுள்ள பசையை மருந்துக்கடை அல்ககோலால் துடையுங்கள். கறள் இருந்தால் சுரண்டி, பெயின்ற் பூசிக் காயவிடுங்கள். புதியதன் இரு முனைகளும் கதவின் அடியில் சந்திக்கட்டும். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள், இழுத்துப் பொருத்தாதீர்கள். இழுபட்ட றப்பர் பின்னர் சுருங்கி, மூலைகளில் இடைவெளி விடும். முதல் சில நாட்கள் கதவு இறுக்கமாகத்தான் இருக்கும்.

நன்றாக மூடிய வானுக்குள் வெளிக்காற்றும் குறைவு. ஆகவே உள்ளே அடுப்போ கரியோ மூட்டவேண்டாம். இரவில் யன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். பற்றரியில் இயங்கும் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். சைலென்சரில் ஓட்டை இருந்தால் அதையும் திருத்திய பின்பே புறப்படுங்கள்.

பிக் சூர் வீதியோரத்தில் இரவு தங்க அனுமதி இல்லை. பைஃபர் பிக் சூர் மாநிலப் பூங்காவில் முன்கூட்டியே இடம் பதிவு செய்யுங்கள். மண்சரிவால் வீதி மூடப்படுவதும் உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தடித்த போர்வைகளை மறக்கவேண்டாம்.