ஒரே முட்டை, வேறு வேறு ரத்தம்

ஞாயிறு

88 வயது முதியவர் ஒருவர் நாள்தோறும் 25 முட்டை சாப்பிட்டுவந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் அவர் வழக்கம். ஆனாலும் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இயல்பான அளவிலேயே இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஃப்ரெட் கெர்ன் 1991-ல் இவரைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்று நிதானமாகப் படித்தேன். உண்ட கொலஸ்ட்ராலில் சுமார் 18 சதவீதத்தைத்தான் முதியவரின் குடல் உறிஞ்சியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாளைக்கு ஐந்து முட்டை சாப்பிட்டவர்களுக்கு அது 46 சதவீதம். அவருடைய கல்லீரலோ, மற்றவர்களைப் போல இரு மடங்கு பித்த அமிலம் தயாரித்துக் கொலஸ்ட்ராலைக் கழித்துக்கொண்டிருந்தது.

முட்டையால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று சொல்பவர்கள் இவரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர் சாட்சி சொல்லக்கூடியது தன் உடலுக்கு மட்டுமே.

செவ்வாய்

அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 170. எனக்கு 104. இருவரும் ஒரே அம்மாவின் சமையலில் வளர்ந்தவர்கள். இப்போதும் காலையில் ஆளுக்கொரு அவித்த முட்டை சாப்பிடுகிறோம். தினமும் நடப்பது அவள்தான், நான் அல்ல.

அம்மா போனில், “நீயும் அதே முட்டையைத்தானே திங்கிற? அவ வாயைக் கட்டியிருந்தா இப்படி வருமா?” என்றாள். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. எல்.டி.எல். எண் ஒருவருடைய நடத்தைச் சான்றிதழ் அல்ல. இதை அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டும். அதற்கு முதலில் நான் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

புதன்

ஒரு பெரிய முட்டையின் மஞ்சள்கருவில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. வெள்ளைக்கருவில் இல்லை. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலே தயாரிக்கிறது. உணவிலிருந்து அதிகம் வந்தால் பலருடைய கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. மரபணு தன் வேலையைக் காட்டுவது இங்கேதான்.

குடல் சுவரில் என்.பி.சி.1.எல்.1 என்ற புரதம் கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் எஸெட்டிமைப் மாத்திரை தடுப்பது இதைத்தான். ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்ற இரு புரதங்கள் சேர்ந்து, உள்ளே வந்ததில் ஒரு பகுதியைக் குடலுக்கே திருப்பித் தள்ளுகின்றன. இந்த மரபணுக்களில் சிறு மாற்றம் இருந்தாலும் உறிஞ்சும் அளவு மாறலாம். அடுத்தது அபோ-ஈ மரபணு. அதில் ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வகை. ஈ4 உள்ளவர்களுக்குச் சராசரியாக எல்.டி.எல். கூடுதலாகவும், ஈ2 உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இருக்கும். அப்பா அம்மாவிடமிருந்து எந்த வகை யாருக்கு வரும் என்பது தற்செயல். உடன்பிறந்தவர்கள் என்பதால் அக்காவுக்கும் எனக்கும் ஒன்றேதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

வெள்ளி

1913-ல் ரஷ்யாவின் நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டினார். ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. எலிகளிடமும் நாய்களிடமும் அப்படி எளிதில் படியவில்லை. பிறவியிலேயே உடலின் அமைப்பு வேறு.

மனிதருக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு என்பதை 1980-களில் நெதர்லாந்தில் மார்ட்டின் கட்டானும் அன்டன் பெய்னனும் காட்டினார்கள். ஒரே ஆட்களுக்கு மீண்டும் மீண்டும் முட்டை கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்குத் தொடர்ந்து அதிகம் ஏறியது. சிலருக்குத் தொடர்ந்து அசையவில்லை. அதே ஆய்வுகள் ஓர் எச்சரிக்கையும் தருகின்றன. ஒருவருடைய கொலஸ்ட்ரால் நாளுக்கு நாள் தானாகவே ஏறி இறங்கும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து யாரையும் ‘முட்டை ஒத்துக்கொள்ளாதவர்’ என்று முடிவுகட்ட முடியாது.

உணவில் நாளைக்கு 100 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடினால், ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குத்தான் கூடுகிறது. வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்று 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை 2015-ல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி கைவிட்டது. இரண்டும் சராசரி மனிதருக்கான பேச்சு. பெரும்பாலோருக்கு நெய், வெண்ணெய், பாமாயில், கொழுத்த இறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பே எல்.டி.எல்.-ஐ அதிகம் ஏற்றுகிறது. அக்காவின் உடல் அந்தச் சராசரியில் அடங்குமா என்பதை அவள் ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு

அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “உங்க தாத்தாவும் நாற்பத்தஞ்சு வயசுலதானே நெஞ்சு வலியில போனாரு” என்றாள். முட்டைக் கணக்கைவிட முக்கியமான தகவல் அது. இளவயது மாரடைப்பு, பரம்பரையாக வரும் கொலஸ்ட்ராலின் அடையாளமாகவும் இருக்கலாம்.

எல்.டி.எல்.-ஐ ரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பியின் மரபணுப் பிழையால் பெரும்பாலும் வரும் குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இவர்களுக்கு மஞ்சள்கருவை ஒதுக்கினால் மட்டும் போதாது. பெரும்பாலும் மருந்து தேவைப்படும். அக்காவுக்கு இது இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். அடுத்த வாரம் இருவரும் போகிறோம்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். லிப்பிட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணவை மாற்றினால் சில வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பிள்ளைகளுக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தட்டைப் பார்த்து உங்கள் முட்டையைத் தீர்மானிக்காதீர்கள். கொலஸ்ட்ரால் ஏறியவரைக் குற்றவாளியாக்கவும் செய்யாதீர்கள்.