பாலத்தில் மூன்று பேர்

ஒரு படத்துக்கு எத்தனை ஹீரோ வேண்டும்? ஒருவரே போதும் என்பதுதான் தமிழ் சினிமாவின் பழைய கணக்கு. 2004 மே மாதம் வெளிவந்த மணிரத்னத்தின் 'ஆய்த எழுத்து' அந்தக் கணக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தது. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மூன்று பேர், மூன்று கதைகள். (தலைப்பில் இருக்கும் எழுத்துக்கும் மூன்று புள்ளிதானே!)

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இன்பா (மாதவன்) ஓர் அரசியல்வாதியின் அடியாள். மைக்கேல் (சூர்யா) மாணவர் தலைவர். அர்ஜுன் (சித்தார்த்) அமெரிக்கா போகத் துடிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் மகன். சென்னை நேப்பியர் பாலத்தில் இன்பா மைக்கேலைச் சுடுகிறான். கொஞ்ச நேரம் முன்னால் மைக்கேலின் பைக்கில் லிஃப்ட் கேட்டு ஏறிய அர்ஜுன் அதைப் பார்க்கிறான். படம் இங்கே தொடங்கி, ஒவ்வொருவரின் கதைக்கும் பின்னால் போய், திரும்பவும் இதே பாலத்துக்கு வருகிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு உடனே புரியும். ஒரே வவுச்சர், மூன்று லெட்ஜரில் பதிவு!

இந்த மாதிரிப் படங்களுக்கு எப்போதும் ஒரு முடிச்சு தேவை. 2000-ல் வந்த மெக்சிகோ படம் 'அமோரஸ் பெர்ரோஸ்'. அதில் ஒரு கார் விபத்துதான் முடிச்சு. 2010-ல் வந்த ரஷ்யப் படம் 'யோல்கி'. ஆதரவற்றோர் இல்லத்தில் வளரும் ஒரு சிறுமி, தன் அப்பா நாட்டின் அதிபர் என்று பொய் சொல்லிவிடுகிறாள். அது பொய் என்று தெரியாமல் இருக்க, புத்தாண்டு உரையில் அதிபர் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி முன்பின் தெரியாதவர்கள் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போகிறது. தமிழில் பிறகு வந்த 'வானம்' (2011), 'மாநகரம்' (2017), 'சூப்பர் டீலக்ஸ்' (2019) எல்லாவற்றிலும் ஏதோ ஒரு முடிச்சு உண்டு.

சரி, இதற்கும் திருச்சிக்கும் என்ன சம்பந்தம்? 'ஆய்த எழுத்து' படத்துக்கு வசனம் எழுதியவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர். பல மனிதர்கள், பல கதைகள் என்ற இதே வடிவத்தில் அவர் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. அதில் துப்பாக்கி கிடையாது, விபத்து கிடையாது. ஒவ்வொரு கதைக்கும் ஓர் ஆள். அவர்களைச் சேர்ப்பது ஊர் மட்டும்தான்.

ஸ்ரீரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. அதற்குள் ஏழு பிராகாரங்கள். வெளிப் பிராகாரங்களில்தான் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம். கோயில் மதிலுக்குள்ளேயே ஊர்! யாரும் யாரையும் பார்க்காமல் இருக்கவே முடியாது. திருச்சிக்குப் போக 1976-ல் கட்டிய காவிரிப் பாலம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பூக்கூடையோடு ஒரு அம்மா, பக்கத்தில் காலேஜ் பையன், பின்னால் பேங்க் ஊழியர். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. 2022 கடைசியில் பாலத்தை மராமத்துக்காக மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு போன அந்த மாதங்களில்தான், தினமும் எத்தனை பேர் வாழ்க்கை அந்த ஒரு பாலத்தின் மேல் ஓடியது என்று புரிந்திருக்கும்.

அப்படியானால் சினிமா மட்டும் ஏன் சுட வேண்டும்? இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமே! அது நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. இன்பாவின் மனைவி சசியைப் (மீரா ஜாஸ்மின்) பாருங்கள். பாலத்தில் வெடித்த குண்டு அவள் குடும்பத்தையும்தான் சிதைக்கிறது. கருவைக் கலைத்துவிட்டு அவனை விட்டுப் போகிறாள். அதற்கப்புறம்? படம் மைக்கேலோடு சட்டசபைக்குப் போய்விடுகிறது. பாலத்தில் சசி இல்லை, அதனால் அவளுக்குத் தனிக் கணக்கும் இல்லை. டேலி ஆகாத தொகையைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுவார்களே, அந்த மாதிரி நிற்கிறாள்.

இதே இடத்தில் புத்தகத்தில் வரும் 'குண்டு ரமணி'யை வைத்துப் பாருங்கள். ஊர் வேடிக்கை பார்க்கும் ஒரு பெண். வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டு வரி நகைச்சுவையோடு கடந்து போயிருப்பார்கள். சுஜாதா ஒரு முழுக்கதை கொடுக்கிறார். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பிப்பவர்கள் முடிக்கும்போது சிரிக்க முடியாது.

பல பேர் வரும் கதையில் முடிச்சு எவ்வளவு சாமர்த்தியமாக இருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் கதை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 'ஆய்த எழுத்து' நல்ல படம், சந்தேகமில்லை. இன்பாவும் சசியும் சண்டை போட்டுச் சமாதானமாகும் காட்சிகள் இன்றைக்கும் பழசாகவில்லை. அடுத்த முறை டிவியில் போட்டால் பாலத்தை விட்டுவிட்டு சசியை மட்டும் கவனித்துப் பாருங்கள். நாலாவது கதை ஒன்று அங்கே பாதியில் நிற்பது தெரியும்.