கோப்பி செத்த பிறகு

இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கண்ட அந்தப் பூஞ்சணத்தை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பதினைந்தே வருஷத்தில் இலங்கைக் கோப்பி நொடித்துப்போனது. 1880இல் ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், நோய் காற்றில் பரவுவதைக் கண்டுபிடித்தார். மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கோப்பிக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடிக்கொண்டது.

தோட்டத் துரைமார் சளைக்கவில்லை. கொயினா மருந்து தரும் சிங்கோனா நட்டார்கள், எல்லோரும் நட்டதால் விலை சரிந்தது. பிறகு தேயிலை. 1873இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல்; அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மலையெல்லாம் தேயிலை. வீழ்ச்சியை வெற்றியாக்கிய நெஞ்சுரம் என்று இதைப் புகழ்வார்கள். பாதி உண்மை. தோட்டம் கைமாறியபோது சம்பளப் பாக்கியும், ஆள்சேர்த்த கங்காணியிடம் பட்ட கடனும் யார் தலையில் விழுந்தன என்பது மீதிப் பாதி.

கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கோ வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், பெண்களும் வேண்டும். குடும்பங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கின. மாரியம்மன் கோயில் எழுந்தது, காமன் கூத்து நடந்தது. மலையகத் தமிழர் இங்கே வேரூன்றியதில் அந்தப் பூஞ்சணத்துக்கும் ஒரு பங்கு உண்டு!

சப்ரகமுவையின் தாழ்ந்த, ஈரமான மலைகளுக்கு இறப்பரும் பொருந்தியது. பிரேசில் விதையில் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. மோட்டார் வண்டி பெருகியதும் கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் இறப்பர் பரவியது. ஆனால் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அன்று பேரும் இல்லை, அதாவது நாட்கூலி இல்லை. இரத்தினபுரியிலோ மழைக்குப் பஞ்சமே இல்லை. அத்தகைய நாட்களில் நாட்டுப்பக்கம், தோட்டத்துக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு, கூலி வேலை தேடிப் போகிறவர்கள் அதை நெஞ்சுரம் என்றெல்லாம் சொல்வதில்லை. அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

2019 முதல் இறப்பரையும் ஒரு பூஞ்சண இலைநோய் பிடித்திருக்கிறது. இலை உதிர, பால் குறைகிறது. இறப்பருக்கு மாற்றாகச் சில கம்பனிகள் முன்பே நட்டிருந்த செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) 2021இல் அரசு தடை போட்டது. மறுபடி இறப்பரே நட்டாலும் கன்று பால் தர ஆறேழு வருஷமாகும். அதுவரை பால் வெட்டுகிறவரின் வீட்டுக்கு என்ன வருமானம் என்ற கணக்கையும் மறுநடுகைத் திட்டத்திலேயே எழுதலாம். 1880களில் அந்தக் கணக்கைத் தொழிலாளியே தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது.