அறுபது நாட்கள்

1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்த பின்னும், கடல் கடந்து வந்த இந்து அல்லாத தம்பதி இங்கே பெற்றோர் ஆக முடியவில்லை. 1890ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களுக்குத் தந்த சொல் ‘காப்பாளர்’. அந்தச் சொல்லோடு விமானம் ஏறிய குழந்தை, வேறொரு தேசத்தில்தான் மகளாயிற்று. வங்கியில் மைனர் கணக்குப் படிவங்களில் அதே சொல்லுக்கு எதிரே கையெழுத்து வாங்குகிற எனக்கு அதன் வறட்சி தெரியும்.

இன்று 2015ஆம் வருஷத்துச் சட்டப்படி அவர்கள் இங்கேயே பெற்றோர் ஆகலாம். அதே சட்டம், குழந்தையை ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 2 மாத அவகாசமும் தருகிறது.

தூரதேசத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றி, பணமிருக்கிறது, குழந்தையைக் கொண்டுபோகிறார்கள் என்று சுலபமாகப் பேசிவிடுகிறோம். பள்ளிக்கரணையில் நானும் மனைவியும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். எங்களுக்குக் கடல் குறுக்கே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முகம் தெரியாத ஒருத்தி அந்த 60 நாட்களுக்குள் திரும்பி வராதிருந்தால்தான் எங்கள் வீட்டுக்குக் குழந்தை. இதை எந்தச் சாமியிடம், எந்த வார்த்தையில் வேண்டிக்கொள்வது?

“அவ வந்துட்டா நல்லதுதானே?” என்றாள் மனைவி. நல்லதுதான். சொல்லும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.